பழைய காரின் மின் இணைப்புகள்



கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாஸடர் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் அக்காரைக் குடும்பத்தில் ஒருவரைப்போல் பேணிவரும் அன்பர்கள் நாடெங்கும் உள்ளனர். அவர்களிற் பலர் கூறும் குறை ஒன்றுண்டு: “இரவில் முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது, பாட்டரியை மாற்றியும் பயனில்லை.”

குற்றம் பெரும்பாலும் பாட்டரியில் இருப்பதில்லை. விரல்நுனி அளவே உள்ள பித்தளை இணைப்பில் இருக்கிறது. அம்பாஸடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேய வண்டியின் வழிவந்தது. அதன் கம்பிகளின் நுனியில் துப்பாக்கிக் குண்டு போன்ற பித்தளை முனை இருக்கும். இருபுறமிருந்தும் இத்தகைய முனைகளை ஒரு சிறு குழலுக்குள் செருகுவதே இணைப்பு. இதனைப் புல்லட் கனெக்டர் என்பர். மழையும் கடற்காற்றும் பட்டுப்பட்டுப் பித்தளையில் களிம்பு ஏறுகிறது. குழலின் பிடிப்பும் தளர்கிறது. மின்னோட்டம் அங்கே தடைப்படுகிறது.

இத்தடையின் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். 45 வாட் விளக்குகள் இரண்டும் எரிய, 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். இணைப்பில் ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே, ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் அங்கே வீணாகும். வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வீணாகும் மின்சாரம் வெப்பமாகி ரப்பர் உறையைக் கருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்குகளுக்கு ஃப்யூஸே கிடையாது. ஆதலின், உறை கருகிய கம்பி வண்டியின் உடலைத் தொட்டால் தீப்பற்றவும் கூடும்.

பழுதுள்ள இணைப்பைக் கண்டறிவது எளிது. விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் இரு முனைகளையும் இணைப்பின் இருபுறத்திலும் வையுங்கள். முள் ஏறக்குறைய அசையாதிருந்தால் இணைப்பு நன்று. அரை வோல்ட் காட்டினால் அது மாற்ற வேண்டியது.

வேலை தொடங்குமுன், வண்டியின் உடலோடு சேர்ந்துள்ள பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிடுக. பழைய வண்டிகள் சிலவற்றில் அது நேர்முனை, பிறவற்றில் எதிர்முனை. எது என்று பார்த்துக் கொள்க. கம்பியைப் பிடித்து இழுக்காமல், முனையைப் பிடித்துக் கழற்றுக. கறுத்த செம்பை வெட்டியெறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உறையை நீக்குக. புதிய முனையை அதற்குரிய இடுக்கியால் நெரித்துப் பொருத்தலாம். அல்லது ஈயம் பற்றவைக்கலாம். பற்றவைப்பதற்கு ரோசினையே பயன்படுத்துக. அமிலம் நாளடைவில் செம்பை அரித்துவிடும். பழைய குழலைச் சுரண்டி மீண்டும் பயன்படுத்துவது வீண். அதன் பிடிப்பு திரும்பி வராது. கடையில் 4.7 மில்லிமீட்டர் முனை என்று கேட்டு வாங்குக. மெலிந்த வேறு வகை, குழலில் ஆடும். இறுதியில் சிறிது வாசலின் தடவினால் ஈரம் அணுகாது.

உடலோடு சேரும் கறுப்புக் கம்பியை மறந்துவிடாதீர். அது சேருமிடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டிவிட்டு இறுக்குக. இவ்விடம் சீர்கெட்டால் மற்றவை யாவும் செம்மையாக இருந்தும் பயனில்லை.

அயல்மாநிலத்தில் வாழும் நமக்கு வேறொரு தொல்லையும் உண்டு. வங்காளத்திலோ மராட்டியத்திலோ உள்ள தொழிலாளியிடம் அவர் மொழியில் குறையை விளக்கத் தெரியாது திகைக்கிறோம். இவ்வண்டியின் கம்பிகளோ எந்த ஊரிலும் ஒரே மொழி பேசுபவை. பழுப்பு பாட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷனுக்குரியது, நீலம் முகப்பு விளக்குக்கும், சிவப்பு பின்விளக்குக்கும் செல்வன. இவற்றைச் சுட்டிக் காட்டினாலே அவர் புரிந்து கொள்வார். ஆயினும் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்பலாகாது. கழற்றுமுன் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சீட்டு கட்டி, எங்கிருந்தது என எழுதிவிடுக.

வேலை முடிந்ததும் பாட்டரியை இணைத்து, வோல்ட்மீட்டரால் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். கம்பிகளை வெறுமனே முறுக்கி நாடா சுற்றிவிடுவது அன்றைக்கு வீடு சேர உதவலாம். அடுத்த மழை இரவில், நெடுஞ்சாலையின் நடுவே, அதுவே நம்மைக் கைவிடும்.