உப்பனாற்றுச் செடிகள் சுத்திகரிப்பு நிலையம் அல்ல

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் ஊர்களை ஒட்டி, சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே இருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. இந்த ஆற்றின் அடிமண்ணில் உலோகங்கள் படிந்திருப்பதை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரைக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது. இப்படிப்பட்ட நீரைச் செடிகளே சுத்தம் செய்துவிடும் என்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

கழிவுநீரில் உலோகம் கரைந்த அயனியாக மட்டும் வருவதில்லை; 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள நானோ துகளாகவும் வரலாம். வேரின் செல்சுவரில் உள்ள துளைகள் பெரும்பாலும் 20 நானோமீட்டருக்குள்தான் இருக்கும். அதைவிடப் பெரிய துகள்கள் வேரின் வழவழப்பான பூச்சிலும், நீர்நிலைச் செடிகளின் வேர்மேல் துருவாகப் படியும் இரும்பு உறையிலும் ஒட்டிக்கொள்கின்றன. சிறியவை செல்சுவர் வழியே உள்ளே புகுந்தாலும், வேரின் நடுக்குழாயைச் சுற்றியுள்ள காஸ்பேரியன் பட்டை மறிக்கிறது. பட்டை முற்றாத வேர்நுனியிலும், பக்கவேர் பிளந்து வரும் இடத்திலும் சில தப்பிவிடுகின்றன. துத்தநாக ஆக்சைடு, வெள்ளித் துகள்கள் கரைந்து அயனியாகி எளிதாக நுழையும். டைட்டானியம் டை ஆக்சைடு கரைவதில்லை. ஆக, துகள்களைப் பொறுத்தவரை, செடி 'உறிஞ்சியது' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வேரின் மேல் ஒட்டியதே. வேர் அழுகினால் அது சேற்றுக்கே திரும்பும். செயற்கைச் சதுப்பு நிலத்தில் வெள்ளித் துகள்களை இட்டு 18 மாதம் கவனித்த அமெரிக்க ஆய்விலும் (2012) பெரும்பகுதி வெள்ளி மண்ணில்தான் கிடந்தது.

செடிகளை அறுத்து அகற்றினால் போதாதா என்று கேட்கலாம். ஆகாயத்தாமரையை அறுக்கலாம், ஆனால் கடல்நீர் ஏறும் உப்பனாற்றில் அது தாக்குப்பிடிக்காது. உப்பைத் தாங்கும் கண்டல் மரங்களையோ நாம் காக்க வேண்டுமே தவிர அறுக்கக் கூடாது. அறுத்த செடியையும் எருக்குழியில் போட்டால் உலோகம் வயலுக்குப் போகும். உப்புநீரில் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும், பிறகென்ன பயம் என்பது இன்னொரு வாதம். திரள்வது உண்மைதான். ஆனால் 2009-ல் கழிமுகத்தைப் போல அமைத்த தொட்டிகளில் தங்க நானோ தண்டுகளை விட்டுப் பார்த்தபோது, அவை நுண்ணுயிர்ப் படலத்திலும் மட்டிகளிலும் சேர்ந்தன. அந்தப் படலத்தை மேயும் உயிர்களும் சேற்று மட்டியும் கழிமுகத்தின் உணவுச் சங்கிலியில் தொடக்கக் கண்ணிகளில் சில. நண்டும் மீனும் அவற்றைத் தின்கின்றன.

வழக்கமான நீர்ப் பரிசோதனையில் 0.45 மைக்ரான் வடிதாளைத் தாண்டுவதெல்லாம் 'கரைந்த உலோகம்' என்றே கணக்காகிறது. அதாவது 450 நானோமீட்டர். நானோ துகள் தாராளமாகப் புகுந்துவிடும். ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் துகளையும் அயனியையும் பிரித்து அளக்கட்டும், ஆலைகளின் வெளியேற்றுக் குழாயிலேயே அளக்கட்டும். சேறு, வேர், மட்டி ஆகியவற்றின் முடிவுகளையும் சேர்த்து, ஆற்றை நம்பி வாழும் ஊராட்சிகளில் அந்த வாரியம் தமிழில் வெளியிட வேண்டும்.