பாறை உருகும் விந்தை
பாரன் தீவு எரிமலை உணர்த்தும் பாடம்

அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் குடியேற்றமற்ற சிறு தீவு ஒன்று உள்ளது. பாரன் தீவு எனப்படும் இதுவே இந்தியாவின் ஒரே உயிர்த்துடிப்புள்ள எரிமலையாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரமே கண்ணுக்குத் தெரிகிறது. மலையின் பெரும்பகுதி கடலுக்குள் மறைந்துள்ளது. 1787-ஆம் ஆண்டிலேயே இதன் சீற்றம் பதிவு செய்யப்பட்டது. பின்னர், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிக் கிடந்த இம்மலை, 1991-இல் மீண்டும் விழித்தது. அதன் பின்னர், 2005-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் உட்படப் பலமுறை சீறியுள்ளது.

எரிமலை என்றவுடன், பூமிக்கு அடியில் எங்கும் நெருப்புக் குழம்பு தளும்பிக் கொண்டிருப்பதாகவும், விரிசல் கண்ட இடத்தில் அது பொங்கி வழிவதாகவும் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. பூமியின் மேலோட்டிற்குக் கீழேயுள்ள மூடகம் மிகுந்த வெப்பமுடையதாயினும், பெரும்பாலும் திடநிலையிலேயே உள்ளது. மேலிருந்து அழுத்தும் பாறைகளின் பெரும் பாரமே இதற்குக் காரணம். அழுத்தம் மிகுந்தால் பாறை உருகுவதற்குத் தேவையான வெப்பநிலையும் உயர்ந்துவிடுகிறது. அவ்வாறாயின் இறுகிய பாறை உருகுவது எங்ஙனம்?

விடை நீரில் உள்ளது. அந்தமானுக்கு மேற்கே, இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் பர்மாத் தட்டின் அடியில் சரிந்து அமிழ்கிறது. நெடுங்காலம் கடலுக்கடியில் கிடந்த அத்தட்டின் கனிமங்கள், தம் அமைப்பினுள்ளேயே நீரைப் பிணைத்து வைத்துள்ளன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அக்கனிமங்கள் சிதைந்து நீரை வெளிவிடுகின்றன. அந்நீர் மேலேயுள்ள மூடகப் பாறையில் கலந்தவுடன், பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி குறைந்துவிடுகிறது. புதிதாக வெப்பம் ஏதும் சேராமலேயே பாறையின் ஒரு பகுதி உருகத் தொடங்குகிறது.

ஃபிரோசாபாத்தின் வளையல் உலைகளை இதற்கு உவமையாகக் கூறலாம். தூய மணல் உருக 1,700 டிகிரி செல்சியசுக்கும் கூடுதலான வெப்பம் தேவை. சோடா உப்பைச் சேர்த்தாலோ, அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே மணல் இளகிக் கண்ணாடியாகிறது. உலையில் சோடா செய்யும் பணியைப் பூமியின் ஆழத்தில் நீர் செய்கிறது.

இவ்வாறு உருவாகும் பாறைக் குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது. ஆகவே மேல்நோக்கி எழுந்து, மேலோட்டினுள் தேங்குகிறது. அங்கு குளிர்ந்து, படிகங்கள் பிரிந்து, சிலிக்கா மிகும்போது குழம்பு பிசுபிசுப்படைகிறது. மேலே ஏறுகையில் அழுத்தம் தணிவதால், அதில் கரைந்திருந்த நீராவியும் பிற வாயுக்களும் குமிழிகளாகப் பிரிகின்றன. குழம்பு இளக்கமாயிருந்தால் வாயு எளிதில் வெளியேறும். பிசுபிசுப்பாயிருந்தால் சிறைப்பட்டு வெடிக்கும். பாரன் தீவின் குழம்பு பெரும்பாலும் பசால்ட் வகையைச் சார்ந்து இளக்கமாயிருப்பதால், அதன் சீற்றம் பொதுவாக மிதமாகவே உள்ளது.

ஆளில்லாத் தீவைக் கண்காணிப்பதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடுவது தகுமா என்ற வினா எழலாம். இதே இயக்கத்தால் உருவான இரு எரிமலைகள் இதற்கு விடையளிக்கின்றன. 1985-இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் சீறியபோது, அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் முன்னரே ஆயத்தமாயிருந்தது. எனினும் மக்கள் உரிய காலத்தில் வெளியேற்றப்படவில்லை. 23,000 பேருக்கு மேல் சேற்று வெள்ளத்தில் மாண்டனர். 1991-இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ வெடிக்குமுன் விடுக்கப்பட்ட எச்சரிக்கையும், அதனையொட்டிய வெளியேற்றமும் குறைந்தது 5,000 உயிர்களைக் காத்தன என மதிப்பிடப்படுகிறது. கருவிகளுக்கான செலவு, காக்கப்பட்ட உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் முன் மிகச் சிறியதே.

நமக்கு மேலும் ஒரு காரணமுண்டு. பாரன் தீவை எரியச் செய்யும் அதே தட்டு அமிழ்வுதான், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடற்கோளையும் விளைவித்தது. அதன் பின்னர், 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. எரிமலையும் நிலநடுக்கமும் ஒரே உலையின் இரு வாயில்கள். ஒன்றைக் கூர்ந்து கவனிப்பது மற்றொன்றைப் புரிந்துகொள்ளவும் துணைபுரியும். கிடைக்கும் எச்சரிக்கை கடலோரக் குடிசை வரை உரிய நேரத்தில் சென்று சேருமாயின், அதுவே அச்செலவின் முழுப் பயனாகும்.