முகூர்த்தத் தேதிக்கு முன்னால் டியூட்டி சார்ட்டைப் பாருங்க... நிச்சயமான டாக்டர்களுக்கு காந்திகிராமம் சொல்லும் கதை!

"மாப்பிள்ளை டாக்டரா? எங்கே கிளினிக் வெச்சிருக்காரு?"

"இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்காரு பெரியப்பா."

"டாக்டர்னு சொன்னீங்க, இன்னும் படிக்கிறார்னும் சொல்றீங்க?"

திண்டுக்கல் பக்கம் டாக்டர் பையனுக்கோ பொண்ணுக்கோ நிச்சயம் நடக்கும் வீட்டில் இந்த உரையாடல் ஒரு முறையாவது காதில் விழும். பெரியப்பா மேல் தப்பில்லை. இன்ஜினீயரிங் என்றால் நான்கு வருடம், முடித்ததும் வேலை. மருத்துவப் படிப்பின் கணக்கு வேறு.

எம்.பி.பி.எஸ் படிப்பு நாலரை ஆண்டு. அதன் பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர், அதாவது நம் ஊர் வழக்கில் 'ஹவுஸ் சர்ஜன்'. பிறகு நீட் பி.ஜி தேர்வு. அதில் இடம் கிடைத்தால் எம்.டி அல்லது எம்.எஸ், இன்னும் மூன்று ஆண்டு. ப்ளஸ் டூ முடித்த வருடமே சீட் கிடைத்தவருக்கும் எல்லாம் முடிய வயது 27 ஆகிவிடும். வீட்டில் ஜாதகம் எடுக்கும் வயதும், வார்டில் ராத்திரி கண் விழிக்கும் வயதும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

திண்டுக்கல்லில் இந்தப் பேச்சு இனிமேல் அதிகமாகவே கேட்கும். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ் இடங்கள். முன்பு டாக்டருக்குப் படிக்க மதுரைக்கு பஸ் ஏறிய ஊரில், இப்போது உள்ளூரிலேயே ஆண்டுதோறும் ஒரு புது பேட்ச் வெள்ளை கோட் போடுகிறது.

'ஹவுஸ்' என்றால் ஆஸ்பத்திரி!

ஹவுஸ் சர்ஜன், ரெசிடென்ட் என்ற பெயர்களிலேயே விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ல் திறக்கப்பட்டபோது, அங்கே அறுவை சிகிச்சைப் பயிற்சி முறையை வகுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் திருமணம் செய்துகொள்வது விரும்பப்படவில்லை. ஆஸ்பத்திரிதான் வீடு என்றிருந்தால் இன்னொரு வீடு எதற்கு என்ற எண்ணம்!

காலம் மாறிவிட்டது. ஆனால், வேலை நேரம் முழுதாக மாறவில்லை. அட்மிஷன் டே என்றால் காலையில் உள்ளே போகிறவர் மறுநாள்தான் வெளியே வருவார். சில துறைகளில் 36 மணி நேரம்கூட ஆகும். இத்தனைக்கும் ரெசிடென்ட் டாக்டர்களின் தொடர் பணி பொதுவாக நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதாரத்துறை 1992-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விடுமுறை கொடுங்கள், தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்க விடுங்கள் என்று பரிந்துரைத்தது. 74 மணி நேரத்தையே உச்சவரம்பாகக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அதே குழு நடத்திய ஆன்லைன் ஆய்வில் 5,337 முதுநிலை மாணவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். அவர்களில் சுமார் 31 சதவிகிதம் பேர், முந்தைய 12 மாதங்களில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிச்சயம் முடிந்து, மோதிரம் மாற்றி, 'இனி தினமும் போன் பேசலாம்' என்று காத்திருக்கும் பெண்ணுக்கோ பையனுக்கோ இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு எடுக்காத போனுக்குப் பின்னால் அலட்சியம்தான் இருக்கும் என்பதில்லை. ஒரு பிரசவ வார்டும் இருக்கலாம்.

சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதை

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் போனால், சின்னாளபட்டியை ஒட்டி காந்திகிராமம் வரும். அதை உருவாக்கியவர் ஒரு டாக்டரம்மா. டி.எஸ்.சௌந்தரம். அவர் டாக்டருக்குப் படித்த கதையிலும் கல்யாணம் இருக்கிறது, காத்திருப்பும் இருக்கிறது.

டி.வி.எஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் அவர். பிறந்தது 1904. அக்கால வழக்கப்படி 1918-ல், சிறு வயதிலேயே, சௌந்தரராஜன் என்ற மருத்துவருக்கு மணம் செய்து கொடுத்தார்கள். 1925-ல், பிளேக் நோயாளிகளுக்கு சிகிச்சை அளித்த அவருக்கே அந்த நோய் தொற்றி, இறந்துபோனார். மனைவி படிக்க வேண்டும், வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று அவர் ஊக்கமளித்ததாக சௌந்தரத்தின் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

இருபது வயதையொட்டி கணவரை இழந்த பெண், மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. சௌந்தரம் டெல்லிக்கு ரயில் ஏறினார். பெண்களுக்கென்றே 1916-ல் தொடங்கப்பட்ட லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-ல் தன் 32-வது வயதில் டாக்டரானார். இன்றைக்கு 27 வயதே 'லேட்' என்று கவலைப்படுகிறோம்!

டெல்லியில் அவருடன் படித்தவர் சுசீலா நய்யார். அவர் மூலமாக காந்தியின் அறிமுகம் கிடைத்தது. அந்த வட்டத்தில்தான் கேரளத்தைச் சேர்ந்த காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனும் சௌந்தரமும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். விதவை மறுமணம், சாதி கடந்த திருமணம் இரண்டும் சேர்ந்திருந்ததால், சௌந்தரத்தின் பெற்றோருக்குச் சம்மதமில்லை.

காந்தி ஒரு நிபந்தனை சொன்னார். ஓராண்டு காலம் இருவரும் சந்திக்கக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது. அதன் பிறகும் மனம் மாறாமல் இருந்தால் மணம் முடிக்கலாம். இருவரும் காத்திருந்தார்கள். 1940 நவம்பர் 7 அன்று காந்தியின் ஆசிரமத்தில், அவர் முன்னிலையில் திருமணம் நடந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த வேட்டி மாப்பிள்ளைக்கு, கஸ்தூர்பா நூற்ற நூலில் நெய்த சேலை மணப்பெண்ணுக்கு. சீர்வரிசை அவ்வளவுதான்.

ஏழு வருடம் கழித்து, 1947 அக்டோபரில், இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். டாக்டரம்மாவின் சிறிய பிரசவ சேவைதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பிள்ளை பிறந்த இடம்.

'சமமாக நடத்துவீர்களா?'

இன்னொரு டாக்டரம்மா, கல்யாணத்துக்கு முன்பே பேச வேண்டியதைப் பேசிவிட்டார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றவர். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும் முன், தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டார். 110 வருடங்களுக்கு முன்பே கேட்ட கேள்வி. இன்று தட்டு மாற்றும் மேடையில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?

நிச்சயத்துக்கு முன் பேச வேண்டியவை

சேலை எடுக்க சின்னாளபட்டி, மாலைக்கு நிலக்கோட்டை, விருந்துக்கு பிரியாணி மாஸ்டர் என்று எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போடும் வீடுகள், இந்த விஷயங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

லீவு எத்தனை நாள்? ஹவுஸ் சர்ஜனுக்கு அந்த ஓராண்டில் 15 நாள்தான் விடுப்பு. முதுநிலை மாணவருக்கு 2023 விதிகளின்படி ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. கல்யாணம், மறுவீடு, தாலி பெருக்கிப் போடுவது, குலதெய்வம் கோயில், ஆடி அழைப்பு என்று வரிசையாகத் தேதி குறித்தால் அந்தக் கணக்கு தாங்காது. சிலவற்றை ஒரே பயணத்தில் சேர்த்து முடிக்கலாம்.

எந்த வருடம்? முதுநிலையில் முதல் வருடம் வேலைப்பளு அதிகம். கடைசி வருடம் ஆய்வேடும் பல்கலைக்கழகத் தேர்வும். நீட் பி.ஜி-க்குத் தயாராகிறவர் என்றால், தேர்வுக்கு முந்தைய மாதங்களில் முகூர்த்தம் வேண்டாம்.

எந்த ஊர்? அரசுக் கல்லூரியில் முதுநிலை படிப்பவருக்கு, முடித்த பின் அரசு மருத்துவமனையில் பணியாற்றும் ஒப்பந்தம் இருக்கும். எந்த மாவட்டத்தில் போஸ்டிங் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 'கல்யாணம் முடிஞ்சதும் ஒரே வீட்டில்' என்று யாரும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

பெண் டாக்டர் என்றால்? 'கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கட்டும்' என்று சொல்வது எளிது. நைட் டியூட்டி முடித்து வரும் காலையில் அடுப்படிக்கு யார் போவது என்று பேசிவைப்பதில்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. முதுநிலைப் படிப்பில் மகப்பேறு விடுப்பு உண்டு என்பதால், குழந்தை எப்போது என்ற முடிவையும் அவர்கள் இருவரிடமே விட்டுவிடலாம்.

மனசு சரியில்லையா? நிச்சயமான பையனோ பொண்ணோ பேச்சைக் குறைத்துக்கொண்டால், தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று சொன்னால், 'கல்யாணம் ஆனா சரியாகிடும்' என்று கடந்துவிட வேண்டாம். மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் அழைக்கலாம். டாக்டர்களுக்கும் டாக்டர் தேவைப்படும்.

சௌந்தரம் - ராமச்சந்திரன் ஜோடிக்கு அந்த ஓராண்டை காந்தி வைத்தது ஒரு பரீட்சையாக. நம் வீட்டு டாக்டர் பிள்ளைகளுக்கு அந்தப் பரீட்சையை ஆஸ்பத்திரியே வைத்துவிடுகிறது. வீட்டிலும் ஒன்று வைக்க வேண்டியதில்லை. தை மாதத்தில் முடியாவிட்டால் வைகாசி, அதுவும் முடியாவிட்டால் ஆவணி. முகூர்த்த நாள் வருடா வருடம் வரும். ஜோசியரிடம் போகும் முன் பிள்ளையின் டியூட்டி சார்ட்டை ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.