கணிப்பொறியில் நீங்கள் எந்தக் குழு?

ஆடி மாதத்தில் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? சாரல் விழும், ஆனால் சட்டை அவ்வளவாக நனையாது. அங்கிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சென்று குற்றாலம் பேரருவியின் முன் நின்றால் நிலைமையே வேறு. இவ்விரண்டு இடங்களிலும் காற்றின் ஈரப்பதம் எவ்வளவு வேறுபடுகிறது? இதை அளக்க எங்கள் மாணவர் இருவர் விரும்பினர். இத்தாலியில் 2005-இல் உருவான 'ஆர்டுயினோ' என்னும் சிறு மின்பலகையில் ஈரப்பத உணர்வியைப் பொருத்தி, லினக்ஸ் மடிக்கணிப்பொறியில் செருகினர். புறப்படும் வேளையில், "அனுமதி இல்லை" என்றது திரை!

கம்பியை மாற்றினோம், பயனில்லை. பழுது கம்பியில் இல்லை, குழுவில் இருந்தது.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. இணைக்கப்படும் கருவியும் அங்கே ஒரு கோப்புத்தான். டெபியன் வழிவந்த அமைப்புகளில் இத்தகைய மின்பலகை 'டயல்அவுட்' என்ற குழுவுக்கு உரியது. மோடத்தின் வழியே தொலைபேசி எண்ணை அழைத்த காலத்தில் வைத்த பெயர், இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்குழுவில் இல்லாதவர் கருவியைத் தொட முடியாது.

நாம் எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்று அறிவது எளிது. கட்டளைத் திரையில் 'குரூப்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் பெயர்கள் வரிசையாக வரும். 'ஐ', 'டி' என்ற இரண்டே எழுத்துகளை அடித்தால் குழு எண்களும் சேர்ந்து வரும். டயல்அவுட்டின் எண் 20. எங்கள் மாணவரின் வரிசையில் அது இல்லை. நிர்வாகி என்ற முறையில் நான் அவரைச் சேர்த்தேன். மறுபடி 'குரூப்ஸ்' என்று கேட்டார், அப்போதும் இல்லை! ஆனால் அதே கட்டளையுடன் தம் பயனர் பெயரையும் சேர்த்து அடித்தபோது டயல்அவுட் இருந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளா?

சுற்றுலாப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பதிவேட்டைப் பார்த்துக் காலையில் ஆசிரியர் ஒரு பட்டியல் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். பத்து மணிக்குப் பதிவேட்டில் புதுப் பெயர் ஏறினாலும், பையிலுள்ள பட்டியல் மாறாது அல்லவா? நீங்கள் உள்நுழையும் நொடியில் லினக்ஸும் அவ்வாறே குழுப் பட்டியலைப் படியெடுத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் திறக்கும் நிரல்கள் எல்லாம் அந்தப் படியையே பெறுகின்றன. வெறும் 'குரூப்ஸ்' காட்டுவது சட்டைப்பைப் பட்டியலை; பெயருடன் கேட்டால் கிடைப்பது பதிவேட்டை. அனுமதி தருவதோ சட்டைப்பைப் பட்டியல்தான்! ஆகவே, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும்.

ஒருவர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருப்பதே பின்னாளில் வந்த வசதிதான். பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் 1983-இல் அதைக் கொண்டுவந்தது. அதற்குமுன், வேறு குழுவின் கோப்பு வேண்டுமென்றால் குழு மாறியாக வேண்டும்.

குழுவில் சேர்க்கும் 'யூசர்மாட்' கட்டளையில் மட்டும் கவனம் தேவை. பெரிய 'ஜி'யுடன் சிறிய 'ஏ'யை எழுத மறந்தால், புதுக் குழுவில் சேர்த்துவிட்டு, பழைய கூடுதல் குழுக்கள் அனைத்திலிருந்தும் நீக்கிவிடும். நிர்வாகிக்குரிய 'சுடோ' குழுவும் அவற்றில் ஒன்றானால்? அந்த ஒருவரைத் தவிர வேறு நிர்வாகி இல்லையென்றால், திருத்துவதற்கும் அனுமதி இராது!

எங்கள் மாணவர் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தார். எண்கள் ஓடத் தொடங்கின. அன்று பிற்பகல் பேரருவியின் முன் உணர்வி சாரலில் நனைந்து நூறு விழுக்காட்டிலேயே நின்றுவிட்டது. அதற்கு லினக்ஸ் பொறுப்பல்ல.