கொடுத்த ஃபீஸ் திரும்புமா?

மல்லேஸ்வரம் 8-வது கிராஸின் கடைத்தெருவைத் தாண்டிய சந்தில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்கு ரசீது எழுதிக் கொடுத்தவர். பாகப்பிரிவினை வழக்குக்காக வக்கீலுக்கு 60,000 ரூபாய் முன்பணம் தந்தபோது மட்டும் ரசீது கேட்கவில்லை. "மரியாதைக் குறைவாக நினைப்பாரோ என்று தயங்கினேன்" என்கிறார். வழக்கைத் தாக்கல் செய்யாமலே வக்கீல் விலகிக்கொண்டார். பணத்தைக் கேட்டால் ஒரே பதில்: "நீங்களாகக் கொடுத்ததுதானே சார்?"

இதில் பாதி உண்மை. தவறுதலாகவோ நிர்ப்பந்தத்தாலோ கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டிய பணமும் இதில் அடங்கும் என்று பனாரஸ் விற்பனை வரி வழக்கொன்றில் 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லாம் தெரிந்து, மனமொப்பிக் கொடுத்துவிட்டு, 'அதிகமாகக் கொடுத்துவிட்டோமே' என்று வருந்துவது தவறுதல் ஆகாது. வழக்கில் தோற்றதும் காரணமாகாது.

மீதிப் பாதியை மறுப்பது வக்கீல்களுக்கான விதிகளேதான். பாதியில் விலகும் வக்கீல், செய்யாத வேலைக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும் என்கின்றன இந்திய பார் கவுன்சில் விதிகள். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். ஃபீஸ் பாக்கிக்காக வழக்கு ஃபைலைப் பிடித்து வைக்க முடியாது என்பது 2000-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்ற பேரத்துக்கும் இடமில்லை. விபத்தில் கணவரை இழந்த தெலங்கானா பெண்மணி, 10 லட்சம் ரூபாய் ஃபீஸ் கொடுத்த பின்னும் 3 லட்சத்துக்குக் காசோலை தர நேர்ந்தது. அது பணமின்றித் திரும்பியதும் வக்கீல் வழக்குப் போட்டார். இழப்பீட்டில் பங்கு கேட்பதே சட்டவிரோதம் என்று 2017-ல் அதை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரத்தானது கைமாறாத 3 லட்சத்துக்கான வழக்குதான்.

எங்கே முறையிடுவது? நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிட்டது. வக்கீல்களும் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று தேசிய ஆணையம் 2007-ல் சொன்னதை, 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கிலும் 5,000 ரூபாய் ஃபீஸ் தகராறு ஒன்று உண்டு.

மிஞ்சியவை இரண்டு வழிகள். பெங்களூர் அம்பேத்கர் வீதியில் உள்ள மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். 1961-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-வது பிரிவின்படி அது கண்டிக்கலாம், தற்காலிகமாகத் தடை விதிக்கலாம், பெயரையே நீக்கலாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் அந்தப் பிரிவில் இல்லை. பணம் வேண்டுமானால் சிவில் கோர்ட்தான்; பொதுவாக 3 ஆண்டுகளுக்குள். அங்கே பேசுவது காகிதம்: ரசீது, வங்கிக் கணக்கு, பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ்.

மல்லேஸ்வரக்காரர் தன் பாஸ்புக்கைப் புரட்டிக் காட்டுகிறார். வங்கி மூலம் போன 25,000 ரூபாய் அதில் இருக்கிறது. "ரொக்கமாகக் கொடுத்த 35,000-க்கு என் மனைவி மட்டும்தான் சாட்சி" என்கிறார். நோட்டீஸ் அனுப்பத் தயாராகிறார். அதற்கும் ஒரு வக்கீல் வேண்டும். இம்முறை முதலில் கேட்டது ரசீதுதான்.