குழாயில் நிறம் மாறிய தண்ணீர்: பீன்யா வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் பீன்யா, தாசரஹள்ளி, லக்கெரே பக்கத்து வாடகை வீடுகளில் ஒரே குழாயில் மூன்று விதமான தண்ணீர் வரக்கூடும். குடிநீர் வாரியம் முறை வைத்து விடும் காவேரித் தண்ணீர் ஒன்று, வீட்டுக்காரரின் போர் தண்ணீர் இன்னொன்று. இரண்டும் போதாத மாதங்களில் டேங்கர் தண்ணீர். மூன்றும் ஒரே சம்பில் விழுந்து, ஒரே மோட்டாரில் ஏறி, மொட்டை மாடித் தொட்டியில் கலந்துதான் சமையலறைக்கு வருகின்றன. அதனால் ஒரு நாள் பழுப்பாக, இன்னொரு நாள் வெளிர் மஞ்சளாக, அடுத்த நாள் தெளிவாக வந்தால், கோளாறு எங்கே என்று யாராலும் சட்டென்று சொல்ல முடியாது.

பலரும் உடனே செய்வது, குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டுவது அல்லது புதிதாக ஒரு வடிகட்டி வாங்குவது. காரணம் தெரியாமல் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண். நிறம் எந்த இடத்தில் தண்ணீருக்குள் நுழைகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஐந்து கண்ணாடி பாட்டில்களும் ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

ஐந்து பாட்டில் சோதனை

ஒரே காலையில் ஐந்து இடங்களில் தண்ணீர் பிடியுங்கள். சம்பில் விழுவதற்கு முன் உள்ள குழாய் முதல் இடம். போர், காவேரி, டேங்கர் ஆகியவற்றில் அன்றைக்கு எது வருகிறதோ அது. பிறகு சம்பு, மாடித் தொட்டி, சமையலறைக் குழாய், கடைசியாகக் கீசரின் வெந்நீர்க் குழாய். ஒவ்வொரு பாட்டிலிலும் இடத்தின் பெயரை எழுதி, வெள்ளைத் தாளின் முன் வரிசையாக வையுங்கள். எந்தப் பாட்டிலில் நிறம் முதன்முதலாகத் தெரிகிறதோ, அங்கேதான் கோளாறு.

முதல் பாட்டிலிலேயே நிறம் இருந்தால் மூலத்தில்தான் சிக்கல். தொட்டியைக் கழுவிப் பயனில்லை. சம்பில் தெளிவாக இருந்து மாடித் தொட்டியில் கலங்கியிருந்தால், தொட்டியோ அதற்கு ஏறும் குழாயோ காரணம். தொட்டியிலும் தெளிவாக இருந்து சமையலறையில் மட்டும் நிறம் வந்தால் வீட்டுக்குள் ஓடும் குழாய்தான். பழைய கட்டடங்களில் ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் உள்ளே துரு பிடிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் காலையில் முதலில் வரும் தண்ணீர் மட்டும் பழுப்பாக இருக்கும். சிறிது நேரம் திறந்துவிட்டால் தெளியும். வெந்நீர் மட்டும் நிறம் மாறினால் கீசரைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி, தொட்டியைக் காப்பாற்றத் தானே கரைவதற்காக வைக்கப்பட்டது. அது முழுதும் கரைந்த பிறகு தொட்டியே துருப்பிடிக்கத் தொடங்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மெக்கானிக்கிடம் அந்தக் கம்பியை மாற்றச் சொல்லுங்கள்.

பாட்டில்களை அப்படியே ஓர் இரவு விட்டுவையுங்கள். அடியில் படிந்தால் அது தூள்: மண், துரு, சுண்ணாம்பு. படியாமல் நிறம் தண்ணீரிலேயே நின்றால் அது பெரும்பாலும் கரைந்த பொருள். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடுதான் அடிப்படை.

பழுப்பும் சிவப்பும்

பெங்களூரின் அடியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் பாறையும். போர் தண்ணீர் அந்தப் பாறை வெடிப்புகளில் தேங்கி நிற்பது. ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு நிறமில்லாமல் கரைந்தே இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் அது துருவாக மாறும். போரிலிருந்து பிடிக்கும்போது பளிச்சென்று இருந்த தண்ணீர், ஒரு மணி நேரத்தில் வாளியில் செம்பழுப்பாவது இதனால்தான். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதும் தண்ணீர் பழுப்பாக மாறினாலும் காரணம் இதுவாகவே இருக்கும்; குளோரின் இரும்பை இன்னும் வேகமாகத் துருவாக்குகிறது.

சமையலறையில் இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. தேநீர் வழக்கத்தைவிடக் கறுத்து, மையின் சாயலில் வந்தால் தண்ணீரில் இரும்பு அதிகம். தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநிறம் வரும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டும்போதே வெள்ளைத் துணியில் கறை பிடிக்கத் தொடங்கிவிடும். இந்த அளவுகளில் இரும்பு பெரும்பாலோர் உடலுக்குக் கெடுதல் செய்வதில்லை. சுவை, துணி, குழாய் ஆகியவற்றைத்தான் கெடுக்கும். தண்ணீரை உயரத்திலிருந்து தூவலாகத் தொட்டியில் விழச் செய்து, படியவிட்டு, மணல் வடிகட்டி வழியாக எடுத்தால் பெருமளவு நீங்கும்.

காவேரித் தண்ணீர் பழுப்பாக வந்தால் காரணம் வேறு. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம் குழாயில் ஏற்றி வரப்படும் அந்தத் தண்ணீர் அங்கேயே சுத்திகரிக்கப்பட்டது. ஆனால் தெருக் குழாயில் அது நாள் முழுதும் ஓடுவதில்லை. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அழுத்தம் இறங்கி, குழாயின் விரிசல் வழியே வெளியிலிருந்து மண்ணும் கழிவும் உள்ளே இழுக்கப்படலாம். வால்வு திறந்ததும் அந்தக் கலங்கல் முதலில் வரும். ஆகவே முதல் சில நிமிடத் தண்ணீரைச் சம்புக்குள் விடாமல் வெளியே போகவிடுங்கள்.

வெள்ளை, கறுப்பு, பச்சை

பால் போல் வெளுத்த தண்ணீர் ஓரிரு நிமிடங்களில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, கவலை வேண்டாம். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் வெள்ளைப் பொடி நின்றால் சுண்ணாம்பு. நம் மக்கள் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் கடின நீர் இதுதான். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 10500 விதி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கிறது.

கறுப்புத் துகள்கள் ரப்பர் வாஷர் அல்லது ஓஸ் நைந்து உதிர்ந்தவையாக இருக்கலாம்; விரலால் தேய்த்தால் மை போல் பரவும். மாங்கனீசும் கறுப்பாகப் படியும். ஆனால் கருமையோடு சாக்கடை நாற்றமும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். உடனே அந்தத் தண்ணீரை நிறுத்தி, பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியத்தின் 1916 எண்ணை அழையுங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். அதே குழாய்தான் அவர்களுக்கும் வருகிறது.

பச்சை நிறம் பெரும்பாலும் தொட்டிக்குள் வெயில் புகுவதால் வளரும் பாசி. மூடி உடைந்த தொட்டியிலும், ஒளி ஊடுருவும் மெல்லிய தொட்டியிலும் இது வரும். கழுவி, இறுக்கமான மூடி போட்டு, நிழல் கொடுத்தால் தீரும்.

மஞ்சள்: இங்கே தனியாகப் பார்க்க வேண்டிய நிறம்

மற்ற ஊர்களில் வெளிர் மஞ்சளுக்கு இரும்பையோ அழுகிய இலைதழைகளையோ காரணம் சொல்லி விட்டுவிடலாம். பீன்யாவில் அப்படி விடக் கூடாது. 1970களில் இருந்து வளர்ந்த இந்தத் தொழிற்பேட்டையில் உலோகங்களுக்கு முலாம் பூசும் சிறு பட்டறைகள் ஏராளம். குரோம் பூச்சுக்குக் குரோமிக் அமிலம் பயன்படுகிறது. அதன் கழிவு முறையாகச் சுத்திகரிக்கப்படாமல் நிலத்தில் இறங்கினால், குரோமியத்தின் ஆறு இணைதிறன் வடிவம் பாறை வெடிப்புகள் வழியே போர் தண்ணீரை எட்டும். இந்தப் பகுதி நிலத்தடி நீரில் இது இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச் சென்ற லட்சம் டன்னுக்கும் மேலான கழிவுக் குவியல் சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கெடுத்ததும் இதே பொருளால்தான். ஆலை மூடினாலும் மாசு மூடிக்கொள்வதில்லை. பல பத்தாண்டுகள் நிலத்தில் தங்கும்.

ஆறு இணைதிறன் குரோமியத்தைப் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது நம் தர விதி. அந்த வரம்பில் கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாது. மஞ்சள் கண்ணில் படும் அளவுக்குப் போனால் வரம்பு பல மடங்கு கடந்துவிட்டது என்று பொருள். ஆகவே இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். இங்கே போர் தண்ணீர் மஞ்சளாக வந்து, ஓர் இரவு வைத்தும் படியாமல் இருந்தால், சோதனை முடிவு கைக்கு வரும்வரை அதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். தெளிவாக வந்தாலும், பார்வையை மட்டும் நம்பி அதைக் குடிநீர் ஆக்க வேண்டாம்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. கொதித்தல் கிருமியைக் கொல்லும், குரோமியத்தைத் தொடாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிச்சத்தில் அதன் அடர்த்தி ஏறும். தேத்தாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைப் படியவைக்கும். கரைந்த இந்த உலோகத்தை நீக்காது. புற ஊதா விளக்கு மட்டும் உள்ள சுத்திகரிப்பானும் அப்படித்தான். ஆர்ஓ சவ்வு பெருமளவு தடுக்கும் என்றாலும், சவ்வு பழையதாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஆகவே அதன் வழியாக வரும் தண்ணீரையும் சோதித்த பிறகே நம்பலாம்.

தொட்டி கழுவும் முறை

கோளாறு தொட்டியில் என்று தெரிந்தால், தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வீட்டின் எல்லாக் குழாய்களையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முழுவதையும் வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். மூடிய சம்புக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் குறைந்து உயிர் போகும் அபாயம் உண்டு. மோட்டாரின் மின் இணைப்பையும் முன்பே துண்டித்துவிடுங்கள்.

கேரவனில் என்றால்

படப்பிடிப்புக்கும் சுற்றுலாவுக்கும் ஓடும் கேரவன் வண்டியிலும் வழி அதே பாட்டில் சோதனைதான். வீட்டின் நீளமான பாதை அங்கே சில அடிகளுக்குள் சுருங்கியிருக்கிறது. நிரப்பும் ஓஸ், தொட்டி, சிறு பம்ப், வடிகட்டி, ஹீட்டர், குழாய் என்ற வரிசையில் பாட்டில் பிடித்துப் பாருங்கள். வண்டிக்குத் தனியாக இரண்டு கவலைகள் உண்டு. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீர் தேங்கிக் கெட்டிருக்கும். புறப்படும் முன் முழுதும் வடித்துக் கழுவ வேண்டும். அடுத்தது, போகும் ஊரில் எல்லாம் யாரோ ஒருவரின் போரிலிருந்து நிரப்புவது. ஓஸைத் தொட்டியில் செருகும் முன் ஒரு பாட்டில் பிடித்துப் பாருங்கள். குடிப்பதற்குத் தண்ணீரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது

மூலத்தில் சந்தேகம் இருந்தால் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். "குடிக்கலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். இரும்பு, மாங்கனீசு, கடினத்தன்மை, நைட்ரேட், மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், ஈகோலை கிருமி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குரோமியத்தைத் தனியாகக் கேட்காவிட்டால் பல சாதாரணச் சோதனைகளில் அது வராது. போரைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் பாட்டிலில் பிடித்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒரு கட்டடத்தில் பத்து வீடு இருந்தால் செலவைப் பத்தாகப் பகிரலாம். முடிவு தாளில் வந்த பிறகு வீட்டுக்காரரிடம் பேசுவது எளிது. குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தால் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அறிக்கையின் நகலை இணைத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிலத்தடி நீர் ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. நீங்கள் கொடுக்கும் ஓர் அறிக்கை, அதே பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் எடுக்கும் தெரு முழுவதற்கும் உதவும். புகாருக்கு முடிவு வரும்வரை காவேரித் தண்ணீரைக் குடிக்கவும், போர் தண்ணீரைத் துணி துவைக்கவும் கழுவவும் என்று பிரித்துச் சேமிக்க ஒரு தனி டிரம் வாங்கி வையுங்கள்.