பூனைக்குப் போஸ் கொடுக்கத் தெரியாது!

பழக்கிய நாயிடம் "உட்கார்" என்றால் உட்காரும். பூனையிடம் சொல்லிப் பாருங்கள், அது பாட்டுக்கு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். செல்போனை எடுக்கிற வரைக்கும் அழகாக உட்கார்ந்திருக்கும். எடுத்த உடனே முதுகைக் காட்டும். இல்லையென்றால் லென்ஸையே மோந்து பார்க்க வந்துவிடும். பூனையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் வெளிச்சம், நேரம், நாம் இருக்கும் இடம் மூன்றும் நம் கையில்தான் உள்ளன.

முதலில் வெளிச்சம். படம் ஏன் கலங்குகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பூனை வினாடிக்கு 1 மீட்டர் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப் லைட் அறையில் ஷட்டர் 1/30 வினாடி திறந்திருந்தால், அதற்குள் பூனை 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். மூக்கு எது, மீசை எது என்றே தெரியாது. 1/500 வினாடி என்றால் வெறும் 2 மி.மீ.தான். ஷட்டர் வேகம் கூட வேண்டுமானால் வெளிச்சமும் கூட வேண்டும். ஆகவே திண்ணையும் ஜன்னல் ஓரமும்தான் நமக்கு ஸ்டுடியோ.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் 'டபீட்டம் லூசிடம்' என்று ஒரு படலம் இருக்கிறது. கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும். மங்கிய வெளிச்சத்தில் பூனைக்குக் கண் தெரிய அதுவும் ஒரு காரணம். ஃபிளாஷ் அடித்தால் படத்தில் கண் இருக்காது, இரண்டு பச்சை பல்புதான் இருக்கும்.

கறுப்புப் பூனை என்றால் இன்னொரு சிக்கல். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் குணம். அதனால் கறுப்பு வெளுத்துவிடும், வெள்ளைப் பூனை அழுக்காகத் தெரியும். கறுப்புக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்கவும், வெள்ளைக்குக் கூட்டவும்.

அடுத்து நேரம். பசியோடு இருக்கும்போது காலைச் சுற்றும். சாப்பிட்டு முடித்துப் பாதத்தை நக்கி முகம் துடைக்கும் பாருங்கள், அதுதான் நம் நேரம். பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். காகிதத்தை லேசாகக் கசக்கினால் போதும், காது நிமிரும். இரண்டு தடவைக்கு மேல் செய்தால் மதிக்காது.

கடைசியாக இடம். நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் விழும். தரையில் படுத்துப் பூனையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். "டிப்ளமா படிக்கிறேன்னு சொல்லிட்டு பூனை முன்னாடி படுத்துக் கிடக்கிறியேடா" என்று எங்க அம்மா சிரிக்கும். சிரிக்கட்டும். 1894-லேயே பிரான்சு நாட்டு விஞ்ஞானி மாரே, பூனை கீழே விழும்போது எப்படித் திரும்பிக் காலூன்றுகிறது என்று தொடர் படங்களாக எடுத்துக் காட்டியவர். பூனைப் படம் ஒன்றும் வெட்டி வேலை இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? எங்க தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. "அடுத்த தீபாவளிக்கு எடுத்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டதோடு சரி. வீட்டுப் பூனைக்கும் பத்துப் பதினைந்து வருடம்தான் ஆயுள். நாமோ ஹாஸ்டலில் இருக்கிறோம், நாளைக்கு வேலை எந்த ஊரிலோ! லீவுக்குப் போகும்போது, அம்மா மடியில் பூனை படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து எடுங்கள். "என்னை எதுக்குடா எடுக்கிறே?" என்று முகத்தை மூடிக்கொள்கிற அம்மா, "பூனையைத்தாம்மா எடுக்கிறேன்" என்றால் கையை எடுத்துவிடுவார்கள்.